பேசா நாடகம் படைத்த உதயசங்கர்



சென்ற ஆண்டு விழாவிற்கு முன் கூடிய நம் செயற்குழுவில் ஒரு சிறு விவாதம் எழுந்தது. வழக்கம்போல் இவ்வாண்டும் ஒரு தமிழ் நாடகம் நடத்துவதென்று முடிவாயிற்று. ஆனால் நடிக்க வந்த சிறுவர் சிறுமியரில் பலருக்கு வசனத்தை மனப்பாடம் செய்வது பெரும்பாடாக இருந்தது. வீட்டில் தமிழ் பேசுகின்றனர். படிக்கவோ எழுதவோ அறியார். எம் இல்லத்துச் சிறுமியும் அவர்களுள் ஒருத்தியே என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். வசனத்தை இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு அவள் உருப்போட்டதைக் கண்டு நாம் சிரிப்பதா வருந்துவதா என்று அறியாது நின்றோம். அப்போது இளைஞர் ஒருவர், குழந்தைகளுக்குப் பேச்சே இல்லாத ஒரு நாடகத்தை அமைத்தால் என்ன என்று கேட்டார். நம் அண்டை வீட்டு வங்காளியரும் பஞ்சாபியரும் பீகாரியரும் விழாவிற்கு வந்து பாதியில் எழுந்து செல்கின்றனர். அவர்களும் இருந்து பார்ப்பர் என்பது அவர் வாதம். தமிழே இல்லாத நாடகத்தைத் தமிழ்ச் சங்க மேடையில் ஏற்றுவது முறையாகுமோ என்று மூத்தோர் ஒருவர் வினவினார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. நேரமின்மையால் விவாதம் முடிவுறாமல் நின்றது.

அன்று தொடங்கி நம் உள்ளத்தில் ஒரு பெரியவரின் வாழ்க்கை மீண்டும் மீண்டும் தோன்றலாயிற்று. பேச்சின்றி நாடகம் நடத்த முடியும் என்பதை நம் நாட்டிலேயே நூறு பேர் காணச் செய்து காட்டியவர் அவர். உலகம் முழுவதும் நாட்டியக் கலைஞர் என்று போற்றிய உதயசங்கர்தான் அவர். அவர் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, நம் விவாதத்திற்கு அதில் விடை உண்டா என்று அன்பர்களுடன் சேர்ந்து தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

உதயசங்கர் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இராஜஸ்தானத்து உதய்ப்பூரில் பிறந்தார். ஊரின் பெயரே பிள்ளையின் பெயராயிற்று. தந்தையார் சியாம சங்கர் சௌதுரி வங்காள அந்தணர். வடமொழியிலும் சட்டத்திலும் வல்லவர். சமஸ்தான மன்னரிடம் உயர்ந்த பணியில் இருந்தவர். தாயார் ஹேமாங்கினி தேவி. வங்காளக் குடும்பம், பிறந்தது இராஜஸ்தானம், வளர்ந்ததோ ஐக்கிய மாகாணத்தில் காஜிப்பூரை அடுத்த நஸ்ரத்பூர் என்னும் தாயாரின் ஊர். ஆகவே பிறந்த நாள் முதலே அவர் நம்மைப் போல் வெளியூர் வாசியாகவே வளர்ந்தார் எனலாம்.

நஸ்ரத்பூரில் தோல் தொழில் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் திருவிழா நாட்களில் ஆடுவதுண்டு. மேற்குலத்துச் சிறுவர் அங்குச் சென்று நிற்பதை வீட்டார் விரும்பாத காலம் அது. ஆயினும் இச்சிறுவர் அந்த ஆட்டத்தைக் கண்கொட்டாமல் பார்த்து நின்றார். அவருக்கு வாய்த்த முதல் நாட்டியப் பள்ளி அதுவே. பிற்காலத்தில் அவர் மேடையில் அரசவை நடனத்தோடு உழவர் நடனத்திற்கும் சரியாசனம் அளித்ததற்கு வித்து இங்கேதான் விழுந்தது.

பிள்ளைக்கு ஓவியத்தில் விருப்பம் மிகுதி. எனவே 1918இல் பம்பாய் ஜே. ஜே. ஓவியப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து 1920இல் இலண்டனில் இருந்த தந்தையாரிடம் சென்று, இராயல் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அதன் தலைவர் வில்லியம் ரோத்தன்ஸ்டைன் இந்தியக் கலைகளில் ஈடுபாடு உடையவர். மேனாட்டு ஓவியர்களைப் பின்பற்றி எழுதிக்கொண்டிருந்த மாணவரை அவர் தடுத்து, முதலில் உன் நாட்டுச் சிற்பங்களையும் ஓவியங்களையும் கற்றுக்கொள் என்னும் கருத்துப்பட அறிவுரை கூறி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு அனுப்பினார். சொந்த நாட்டுச் செல்வத்தைக் கடல் கடந்து சென்று காண நேர்ந்தது விந்தையே. ஆயினும் அச்சிற்பங்களின் நிலையும் வளைவும் கைவிரல் அமைப்பும் அவர் நெஞ்சில் பதிந்தன.

பாவ்லோவா அம்மையார்

தந்தையார் இலண்டனில் நற்பணிகளுக்காகச் சிறு நிகழ்ச்சிகள் நடத்துவதுண்டு. அவற்றுள் உதயசங்கர் ஆடுவார். முறையாக ஒரு குருவிடம் ஒரு நாளும் அவர் நாட்டியம் பயின்றதில்லை. கண்டதையும் கற்பனை செய்ததையும் தம் உடலால் எழுதிக்காட்டினார்.

அக்காலத்தில் உலகப் புகழின் உச்சியில் இருந்தவர் ருஷ்ய நாட்டியக் கலையரசி அன்னா பாவ்லோவா. இந்தியக் கதைகளை மேடையேற்ற விரும்பிய அவர் உதயசங்கரின் துணையை நாடினார். இந்துத் திருமணம் ஒன்றும், இராதா கிருஷ்ணர் கதை ஒன்றும் 1923இல் உருவாயின. இலண்டன் கோவெண்ட் கார்டன் அரங்கில் பாவ்லோவா இராதையாகவும், இருபத்திரண்டு வயது இளைஞர் கிருஷ்ணராகவும் தோன்றினர். பின்னர் அவருடைய குழுவினருடன் உதயசங்கர் அமெரிக்காவிலும் சுற்றி வந்தார்.

மேனாட்டு நடனத்தையும் கற்றுத் தேர்ந்து பாவ்லோவாவின் குழுவிலேயே அவர் தங்கியிருந்திருக்கலாம். பணமும் புகழும் குறைவின்றி வந்திருக்கும். ஆனால் அம்மையார் அதற்கு ஊக்கம் தரவில்லை. இந்திய நாட்டின் கலை இந்திய நாட்டிலேயே உள்ளது, அதைத் தேடிச் செல்லுமாறு வற்புறுத்தினார். நம் ருக்மிணி தேவி அம்மையாரின் மனத்தையும் தாய்நாட்டு நடனத்தின்பால் திருப்பியவர் இதே பாவ்லோவாதான் என்பதைத் தமிழ் மக்கள் நன்கு அறிவர்.

வறுமையும் தேடலும்

அறிவுரையை ஏற்ற இளைஞருக்கு உடனே வழி திறக்கவில்லை. பாரிஸ் நகரில் சில ஆண்டுகள் சிறு சிறு விடுதிகளில் ஆடிப் பிழைக்க வேண்டியதாயிற்று. அங்கேதான் சிமோன் பார்பியே என்னும் பிரெஞ்சுப் பெண்மணி அவரிடம் நடனம் கற்கத் தொடங்கினார். பின்னர் சிம்கி என்ற பெயரில் பல்லாண்டு அவருடன் இணைந்து ஆடியவர் இவரே.

சுவிட்சர்லாந்து நாட்டுச் சிற்பியான ஆலிஸ் போனர் என்னும் அம்மையார் உதயசங்கரின் ஆட்டத்தைக் கண்டு வியந்து, பொருளுதவி புரிய முன்வந்தார். இருவரும் 1930இல் இந்தியாவிற்கு வந்து ஊர் ஊராகச் சுற்றினர். கோயில்களையும் குகை ஓவியங்களையும் கண்டனர். நாட்டுப்புற ஆட்டங்களைப் பார்த்தனர். பலவகை இசைக்கருவிகளைச் சேகரித்தனர். இந்த அம்மையார் பின்னர்க் காசியிலேயே பல்லாண்டு வாழ்ந்து நம் கோயிற் சிற்பங்களை ஆராய்ந்தார்.

திரும்பிச் செல்லும்போது உதயசங்கர் தனியாகச் செல்லவில்லை. குடும்பத்தையே உடன் அழைத்துச் சென்றார். தம்பியருள் கடைசிப் பிள்ளைக்கு வயது பத்து. அச்சிறுவனே பின்னாளில் சிதார் மேதையாக விளங்கிய ரவிசங்கர். சரோத் வல்லுநர் திமிர் பரன் இசைக்குத் தலைமை தாங்கினார். விஷ்ணுதாஸ் சிராலியும் உடன் இருந்தார். பாரிஸ் ஷான்ஸ் எலிசே அரங்கில் 1931 மார்ச்சு 3ஆம் நாள் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. வழிகாட்டிய பாவ்லோவா அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. அவ்வாண்டு சனவரியிலேயே அவர் காலமாகிவிட்டார்.

அடுத்த சில ஆண்டுகள் ஐரோப்பாவெங்கும் இக்குழு சுற்றியது. 1932-33இல் சோல் ஹ்யூராக் என்னும் புகழ்பெற்ற ஏற்பாட்டாளரின் முயற்சியால் அமெரிக்காவிலும் ஆடிற்று. சிவபெருமானின் தாண்டவமும் இந்திரனின் ஆட்டமும் கண்ட மேனாட்டார், தமக்கு ஒரு சொல்லும் புரியாத நாட்டின் கதைகளை விளங்கிக்கொண்டு கைதட்டினர். சொல் இன்றியே பொருள் போய்ச் சேரும் என்பதை உதயசங்கர் ஊர் ஊராகச் சோதித்து அறிந்த காலம் இது.

ஆயினும் தம் குறையை அவர் மறந்தாரில்லை. கேரளத்திற்குச் சென்று கதகளி ஆசான் சங்கரன் நம்பூதிரியை அடைந்தார். உலகம் புகழ்ந்த பின்னரும் மாணவராக அமர்ந்து கற்றார். இது நாம் சிந்திக்க வேண்டிய செய்தி. பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

அல்மோரா மலையில் ஒரு கலைக்கூடம்

ஊர் சுற்றி ஆடுவதால் மட்டும் ஒரு கலை வேரூன்றாது; பயிற்றும் இடம் ஒன்று வேண்டும் என்று உதயசங்கர் எண்ணினார். இங்கிலாந்தில் டார்ட்டிங்டன் ஹால் என்னுமிடத்தில் கலையும் கல்வியும் உழவும் ஒருங்கே நடக்கும் நிலையம் ஒன்று இருந்தது. அதனை நடத்திய எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியர் அவருக்கு நண்பராயினர். லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட் முன்பு தாகூரிடம் இருந்து கிராமப் பணி செய்தவர். அவர்கள் பக்கத்திலிருந்து கிடைத்த உதவியுடன் 1938இல் இமயமலைச் சாரலில் அல்மோராவை அடுத்த சிம்தோலாவில் உதயசங்கர் இந்தியப் பண்பாட்டு நிலையம் உருவாகத் தொடங்கிற்று.

அங்கு வந்த ஆசான்மார் யாவர்? கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி. மணிப்புரி நடனத்திற்கு அமோபி சிங். இசைக்கு மைஹர் உஸ்தாத் அலாவுதீன் கான். பரதநாட்டியத்திற்கு நம் தமிழ்நாட்டு நட்டுவனார் கந்தப்ப பிள்ளை. பாலசரஸ்வதி அம்மையாரை உருவாக்கிய ஆசான் இவரே. தஞ்சை மரபின் சொற்கட்டுகள் இமயமலைப் பைன் மரங்களிடையே ஒலித்தன என்பதை நினைக்கும்போது, வடபுலத்தில் வாழும் நமக்குப் பெருமிதம் உண்டாகிறது.

மாணவர் எந்த ஒரு மரபையும் பிறந்த வீடாகக் கொண்டு வரவில்லை. பல மாகாணத்தார், பல மொழியினர். ஆசான்மாரிடம் காலையும் மாலையும் மரபு நடனம் கற்றனர். அதனோடு உதயசங்கரின் பொது வகுப்பு ஒன்று இருந்தது. முரசின் ஒலிக்கேற்ப நடப்பதே அதில் முதற் பாடம். நடப்பது ஒரு பாடமா என்று நாம் நகைக்கலாம். ஆனால் சுமை தூக்குபவன் நடை வேறு. செய்தி கொணர்பவன் நடை வேறு. அச்சமுற்றவன் நடை வேறு. நடையைக் கொண்டே ஆளை அறியலாம். பின்னர், காண்பதை நினைவில் வைத்தல், அந்நேரத்தில் தோன்றுவதை ஆடிக்காட்டல், பலர் சேர்ந்து ஓர் உருவமாதல் ஆகியவை பயிற்றப்பட்டன.

பேசாத மேடையின் இலக்கணம்

நம் இரயில்வே குடும்பங்களுக்கு இதனை விளக்குவது எளிது. கார்டு பச்சைக் கொடியை அசைக்கிறார். கார்டு ஒரிய நாட்டவர், டிரைவர் ஆந்திரர், ஸ்டேஷன் மாஸ்டர் மலையாளி. கொடி எந்த மொழியில் பேசிற்று? யாருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. வண்டி புறப்படுகிறது.

இன்னொன்று கூறுவோம். தண்டவாளத்தைத் தூக்கும் காங் தொழிலாளரை நம் பெரியவர்கள் பார்த்திருப்பர். ஒருவர் குரல் கொடுப்பார். மற்றவர் அனைவரும் மறுகுரல் எழுப்பி ஒரே நொடியில் குனிந்து ஒரே நொடியில் நிமிர்வர். இருபது பேர் ஓர் உடலாவர். ஒருவர் பிந்தினும் சுமை மற்றவர் காலில் விழும். இன்று அவ்வேலையில் பெரும்பகுதியை இயந்திரங்கள் செய்கின்றன. ஆயினும் அக்காட்சியில் ஒரு நாடகமே அடங்கியிருந்தது. உழைப்பும் ஒற்றுமையும் ஆபத்தும் ஒரு சொல் விளக்கமின்றி அதில் விளங்கின.

உதயசங்கர் செய்தது இதுவே. தனி ஒருவர் அபிநயம் பிடித்துப் பாட்டின் பொருளை விளக்குவது நம் பழைய முறை. இவரோ பாட்டின் துணையையும் குறைத்துவிட்டு, பலர் மேடையில் நிற்கும் வரிசை, கூடுதல், பிரிதல், சுழலுதல், விரைவு, தேக்கம் ஆகியவற்றையே வாக்கியங்களாக்கினார். முதலில் அசைவை அமைப்பார். பிறகே இசையமைப்பாளர் அதற்கேற்ப இசை கூட்டுவார். கதைமாந்தரின் உள்ளத்தைப் பேச்சு கூறாது. கூட்டத்தின் அமைப்பே கூறும். கும்மியில் வட்டம் சுருங்கி விரிவதையும், கோலாட்டத்தில் பின்னல் ஏறி அவிழ்வதையும் கண்ட நம் தாய்மார்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று.

அல்மோராக் காலத்துப் படைப்புகளில் இரண்டு சிறப்பாகக் குறிக்கத்தக்கவை. 1938ஐ ஒட்டி உருவான வாழ்க்கையின் தாளம் என்பது ஓர் இளைஞனின் கனவுகள் வழியாக நாட்டின் நிலையைக் காட்டியது. அடுத்து 1939இல் வந்தது உழைப்பும் இயந்திரமும். கிராமத்து மக்கள் ஆலைக்குச் செல்கின்றனர். அங்கு அவர்களுடைய கைகள் நெம்புகோல்களாகின்றன. உடல்கள் சக்கரங்களாகச் சுழல்கின்றன. முன்பு வயலில் தம் விருப்பப்படி வளைந்த உடல், இப்போது வெட்டி வெட்டி ஒரே அளவாய் அசைகிறது. மனிதன் இயந்திரத்தை ஓட்டுகிறானா, இயந்திரம் மனிதனை ஓட்டுகிறதா என்னும் வினா காண்போர் மனத்தில் தானே எழுகிறது. முடிவில் தொழிலாளர் கிளர்ந்தெழுகின்றனர். தெய்வக் கதைகளையே நாட்டியத்திற்கு உரியவை என்று கருதிய நாளில், ஆலைத் தொழிலாளியை மேடையின் நடுவில் நிறுத்தியது துணிவான செயலாகும்.

மூன்றாவதாக நிழல் நாடகமான இராமலீலை. பெரிய வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கை ஏற்றி, ஆடுவோரின் நிழலைத் திரையில் விழச் செய்தனர். விளக்கிற்கு அருகே சென்றவர் பேருருவம் கொள்வார்; திரையை அடுத்தவர் மானிட அளவாவார். அரக்கரும் வானரரும் பெரிதாகவும் சிறிதாகவும் தோன்றுவது இதனால் எளிதாயிற்று. மலைச் சரிவில் அமர்ந்து கிராம மக்கள் அதனைக் கண்டனர். நம் தோற்பாவைக் கூத்தைக் கண்டவர்க்கு இம்முறையின் ஆற்றல் தெரியும். அங்கே தோலால் செய்த பாவை. இங்கே உயிருள்ள மனிதர்.

சென்னையில் உருவான கனவு

இரண்டாம் உலகப் போர் வந்தது. பொருளுதவி குன்றியது. சில ஆண்டுகளே நடந்த அல்மோரா நிலையம் போர்க்காலத்திலேயே மூடப்பட்டது. ஆசான் கந்தப்ப பிள்ளையும் 1941இல் மறைந்துவிட்டார். வாழ்நாள் கனவு கலைந்த நிலையில் வேறொருவராயின் மனம் உடைந்திருப்பார். உதயசங்கரோ, கலைந்த கனவையே ஒரு திரைப்படமாக எடுக்கத் துணிந்தார்.

அதற்கு இடம் கொடுத்தது நம் சென்னை. ஜெமினி ஸ்டூடியோவில் சில ஆண்டுகள் உழைத்து அவர் எடுத்த கல்பனா 1948இல் வெளிவந்தது. எஸ். எஸ். வாசனின் சந்திரலேகா அதே ஸ்டூடியோவிலிருந்து வெளிவந்த ஆண்டும் அதுவே. கல்பனாவிற்கு ஒளிப்பதிவு செய்தவர் தமிழ்த் திரையுலகில் பெயர் பெற்ற கே. ராம்நாத். பின்னாளில் நாட்டியப் பேரொளி என்று போற்றப்பட்ட பத்மினி சிறுமியாக முதன்முதலில் திரையில் தோன்றியதும் இப்படத்திலேதான். உதயசங்கரே கதாநாயகர். 1942இல் அவர் மணந்த அமலா அம்மையார் நாயகியாகத் தோன்றினார்.

கலைக்கூடம் ஒன்று அமைக்க விழையும் நடனக் கலைஞன் ஒருவனின் கதை அது. கதையைக் கேட்கும் படமுதலாளி, இதற்குப் பணம் வராது என்று தள்ளிவிடுவதாகவும் படத்திலேயே காட்டியிருந்தார். அந்தோ! வெளியிலும் அவ்வாறே நடந்தது. அறிந்தோர் போற்றினர்; வசூல் வரவில்லை. ஆனால் காலம் வேறு கணக்கு எழுதிற்று. பழைய பிரதி சீர்செய்யப்பட்டு 2012இல் பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. கல்பனாவில் வசனமும் உண்டு. ஆயினும் பேச்சு நின்று கூட்டம் அசையத் தொடங்கும் இடங்களே அதன் உயிர். இயந்திரக் காட்சியைப் படத்தில் நாம் கண்டபோது, நம் பணிமனையை ஒரு கணம் வேறு கண்கொண்டு பார்த்தோம்.

குறை கூறியோர்

உதயசங்கரைக் குறை கூறியோரும் பலர். அவர் நடனம் எந்தச் சாத்திரத்திற்கும் உட்பட்டதன்று. பலவற்றைக் கலந்த கலவை. மேனாட்டார் கண்ணுக்காகச் செய்த அலங்காரம் என்றெல்லாம் எழுதினர். இக்குறை முழுவதும் பொய் என்று நாம் கூறமாட்டோம். மரபில் தோய்ந்த ஒரு பாலசரஸ்வதியிடம் காணும் ஆழத்தை இவரிடம் தேடுவது பொருந்தாது. அவருடைய தொடக்க ஆண்டுகளின் ஆட்டத்தில் கற்பனை மிகுதி, கல்வி குறைவு.

ஆனால் அவர் தம்மை மரபின் காவலர் என்று ஒருபோதும் காட்டிக்கொள்ளவில்லை. தம்முடையது புதிதாகப் படைக்கும் நடனம் என்றே கூறினார். மேலும், தமக்கு இல்லாத கல்வியைத் தம் மாணவர்க்கு இல்லாமற் செய்யவில்லை. நான்கு திசைகளிலிருந்து நான்கு பேராசான்களை அழைத்து, முதலில் அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு என்னிடம் வந்து புதியது படையுங்கள் என்னும் முறையில் நிலையத்தை நடத்தினார். பேச்சின்றி ஆடுவது அவருக்கு எளிய குறுக்கு வழியாக இருக்கவில்லை. கற்றவர் ஏறும் அடுத்த படியாகவே இருந்தது.

பிற்காலமும் மாணவர் பரம்பரையும்

பின்னாளில் கல்கத்தாவில் அவர் வாழ்ந்தார். புத்தர் பெருமானின் வரலாற்றை நிழல் நாடகமாக்கினார். தாகூர் நூற்றாண்டான 1961இல் சாமான்ய க்ஷதி என்னும் படைப்பிற்குத் தம்பி ரவிசங்கர் இசையமைத்தார். 1965இல் கல்கத்தாவில் மீண்டும் ஒரு நிலையம் தோன்றிற்று. அமலா அம்மையார் அதனைப் பல்லாண்டு நடத்தினார். எழுபது வயதிலும் மேடையையும் திரைப்படத்தையும் ஒன்றாக இணைத்துச் சங்கர்ஸ்கோப் என்னும் புதுமையைச் செய்தார். சங்கீத நாடக அக்காதெமி 1960இல் பரிசும் 1962இல் உயரிய உறுப்பினர் தகுதியும் அளித்தது. இந்திய அரசு 1971இல் பத்ம விபூஷண் விருது வழங்கியது. 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் உதயசங்கர் கல்கத்தாவில் இயற்கை எய்தினார். அமலா அம்மையார் நூறாண்டு நிறைந்து 2020இல் மறைந்தார்.

அல்மோராவில் பயின்றோர் நாடெங்கும் பரவினர். திரைப்பட இயக்குநர் குருதத் சில காலம் அங்கு மாணவர். நடிகை ஸோரா சேகல், நரேந்திர சர்மா, சச்சின் சங்கர் முதலியோரும் அக்குடும்பத்தினரே. அவர்களுள் சாந்தி பர்தன் என்பவரை மட்டும் தனியே கூறாமல் விட மனம் வரவில்லை. காசநோயால் வருந்திய நிலையிலும் அவர் 1952இல் லிட்டில் பாலே குழுவை நிறுவினார். இராமாயணத்தை மனிதரே மரப்பாவைகளாக மாறி ஆடுமாறு அமைத்தார். கையும் கழுத்தும் கயிற்றால் இழுக்கப்பட்டவை போலவே அசையும். பாவைக்கு முகபாவம் இல்லை. ஆயினும் சீதையின் துயரம் சாய்ந்த தலையொன்றில் வெளிப்படும். 1954இல் இளவயதிலேயே பர்தன் மறைந்தார். அவர் அமைத்த இராமாயணமோ அவருக்குப் பின்னும் பல்லாண்டு பல ஊர்களில் ஆடப்பட்டது. ஆசிரியர் கையில் மூடப்பட்ட கதவு மாணவர் கையில் திறந்தது என்று நாம் இதனைக் கொள்ளலாம்.

நமக்கு என்ன பாடம்?

இனி நம் செயற்குழு விவாதத்திற்கு வருவோம்.

பேச்சற்ற நாடகம் தமிழ்ச் சங்கத்திற்கு இழுக்காகுமோ என்று கேட்ட மூத்தோருக்கு உதயசங்கரின் வாழ்வு ஒரு பதில் கூறுகிறது. ஒரு மக்களின் பண்பு சொல்லில் மட்டும் தங்கியிருப்பதில்லை. நடையில், கைகூப்பலில், கோலம் இடக் குனியும் உடலில், கும்மியின் வட்டத்தில் தங்கியிருக்கிறது. அதனை மேடையேற்றுவதும் தமிழ்ப் பணியே. அண்டை வீட்டார் இறுதிவரை இருந்து பார்த்தால் அது நமக்கு இழப்பன்று.

குழந்தைகளுக்குத் தமிழ் வராததால் பேச்சை நீக்கிவிடலாம் என்ற இளைஞருக்கும் அதே வாழ்வு வேறொரு பதில் கூறுகிறது. உதயசங்கர் கல்லாமைக்கு மறைப்பாகப் பேச்சை நீக்கவில்லை. கற்பித்த பின்னரே நீக்கினார். மொழி அறிந்தவன் மௌனம் வேறு. அறியாதவன் மௌனம் வேறு. முன்னதில் பொருள் நிறைந்திருக்கும். பின்னதில் வெறுமையே இருக்கும். ஆகவே குழந்தைகளைப் பேசா நாடகம் ஆட விடுவோமாயின், அதே ஆண்டில் ஞாயிறுதோறும் தமிழ் எழுத்தும் கற்பிக்கும் கடமை நம்மைச் சேரும். நாடகம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வகுப்பை விட்டுவிட்டால், மூத்தவர் அஞ்சியது உண்மையாகிவிடும்.

இன்னுமொன்று. அல்மோராவில் ஆடப்பட்டவற்றுள் பெரும்பகுதி இன்று காண்பதற்கில்லை. படத்தில் பதிந்ததும் மாணவர் உடலில் பதிந்ததுமே எஞ்சின. ஆசான் இருக்கும்போதே கற்றுக்கொள்ளாதது ஆசானுடன் போய்விடுகிறது. நம் காலனியிலும் கும்மிப் பாட்டு அறிந்த பாட்டிமார் சிலரே உள்ளனர். காங் வேலையில் குரல் கொடுத்த ஓய்வுபெற்ற பெரியவர் இருவர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் நம் பிள்ளைகள் சென்று குனியவும் நிமிரவும் கற்றுக்கொண்டால், அடுத்த ஆண்டு விழாவிற்கு ஒரு நாடகம் அங்கேயே கிடைத்துவிடும்.

எம் இல்லத்துச் சிறுமி இவ்வாண்டு அகர வரிசையைத் தொடங்கியிருக்கிறாள். மெதுவாகவே வருகிறது. நாமும் அவளுடன் அமர்ந்திருக்கிறோம். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் வகுப்பு ஒன்று தொடங்கச் செயற்குழு இசையுமாயின், கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் நாம் கொண்டு வருவோம். அன்பர்கள் தம் பிள்ளைகளை அழைத்து வருவார்களாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!